கடவுச்சொற் பெட்டகம்

பெட்டகத்தைப் பூட்டித் திறவுகோலை மடியிற் செருகிக்கொள்ளுதல் பழைய வழக்கம். பெட்டகத்தையே முன்பின் அறியாதார் வசம் ஒப்புவித்துவிட்டுத் திறவுகோலை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளத் துணிந்தது கணினி உலகமேயாகும். அத்துணிவு எங்ஙனம் பிறந்தது என்பதை அறியக் கடவுச்சொல்லின் வரலாற்றைச் சிறிது பின்னோக்குதல் வேண்டும்.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞரின் தலைமையில், ஒரே பெருங்கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறை உருவாயிற்று. ஒருவரது கோப்பை மற்றவர் திறவாதிருத்தற் பொருட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. ஆனால், அச்சொற்கள் யாவும் எவ்வித மறைப்புமின்றி ஒரே கோப்பிற் கிடந்தன. 1962இல் அங்கு ஆராய்ச்சி மாணவராயிருந்த அலன் ஷேர் என்பார், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், அக்கோப்பை அச்சிட்டெடுத்துப் பிறர் பெயரில் தம் வேலையைத் தொடர்ந்தார். பல்லாண்டுகளின் பின் அவரே அதனை ஒப்புக்கொண்டார். 1966இல் நிகழ்ந்ததோ இன்னும் வேடிக்கையானது. நிருவாகிகள் இருவர் ஒரே வேளையில் வெவ்வேறு கோப்புகளைத் திருத்தப் புக, அவை தம்முள் இடம் மாறின. அன்றைய அறிவித்தல் தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும், உள்ளே நுழைந்தோர் அனைவருக்கும் காட்சியளித்தன!

பின்வந்தோர் கடவுச்சொல்லை மீட்டெடுக்கவியலாத வடிவிற்கு மாற்றிச் சேமிக்கக் கற்றனர். ஆயின், மனிதரின் நினைவாற்றல் மாறவில்லை. ரொபேட் மொறிஸ், கென் தொம்சன் என்னும் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831 மிகக் குறுகியனவாகவோ அகராதியிற் காணப்படுவனவாகவோ எளிதிற் கண்டறியத்தக்கனவாக இருந்தன. அது 86 வீதமாகும். சோம்பலே இதற்குக் காரணம் எனக் கூறுதல் நியாயமன்று. பத்துச் சொற்களை மனத்தில் வைக்கலாம். நூறு சொற்களை, அதுவும் பொருளற்ற எழுத்துக் கோவைகளை, எவர் வைக்க வல்லார்?

இதற்கு மாற்றாக, 1997இல் புரூஸ் ஷ்னையர் என்னும் மறைகுறியீட்டறிஞர் ‘பாஸ்வேட் சேஃப்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். சொற்களெல்லாம் ஒரு பெட்டகத்துள் மறைகுறியீடாய் அடங்கும். தலைமைச் சொல் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாற் போதும். 2003இல் தோன்றிய ‘கீபாஸ்’ மென்பொருளும் அவ்வழியதே. இவற்றிற் பெட்டகம் உரியவரது கணினியிலேயே இருந்தது.

ஒருவர் கையில் மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் ஒருங்கே சேர்ந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. ஒரு கருவியில் மாற்றிய சொல் மற்றொன்றில் பழையதாகவே கிடந்தது. 2008இல் வந்த ‘லாஸ்ட்பாஸ்’, 2016இல் வந்த ‘பிட்வோடன்’ முதலியன பெட்டகத்தின் பிரதியைத் தம் சேவையகத்தில் வைத்து, எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பின. பூட்டுதலும் திறத்தலும் உரியவரது கருவியிலேயே நிகழும். தலைமைச் சொல் கம்பனிக்குச் செல்லாது. அதனை மறந்தாற் கம்பனியாலும் அதனை மீட்டுத் தரவியலாது. குறைபோலத் தோன்றும் இவ்வியலாமையே இவற்றின் மீது வைக்கத்தக்க நம்பிக்கைக்கு அடிப்படை. பொறிமுறை முழுவதும் பகைவர் கையிற் சிக்கினும் திறவுகோல் சிக்காதவரை மறை காக்கப்பட வேண்டும் என 1883இலேயே ஒகுஸ்த் கேர்க்கோஃப்ஸ் எழுதியிருந்தார். பிட்வோடனும் கீபாஸும் தம் நிரல்களை யாவரும் ஆராயுமாறு வெளியிட்டிருப்பதும் இக்கோட்பாட்டுக்கு இசைந்ததே.

2022இல் இதற்குச் சோதனை வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் லாஸ்ட்பாஸ் கம்பனியினுள் ஊடுருவியோர், பின்னர் ஊழியர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக, வாடிக்கையாளரின் பெட்டகப் பிரதிகளையே கவர்ந்து சென்றனர். டிசம்பரில் கம்பனி அதனை அறிவித்தது. கடவுச்சொற்கள் மறைகுறியீட்டிலேயே இருந்தன. ஆனால் வாடிக்கையாளர் எவ்விணையத்தளங்களிற் கணக்கு வைத்திருந்தனர் என்னும் முகவரிகள் மறைக்கப்படாதிருந்தன. தலைமைச் சொல்லிலிருந்து திறவுகோலை ஆக்கும் கணிப்பு எத்தனை முறை மீள நிகழ்கிறதோ, அத்தனைக்குக் கள்வரின் ஊகம் தாமதமாகும். புதிய கணக்குகளில் அது 100,100 முறையாயிருக்க, பழைய கணக்குகள் சிலவற்றில் 5,000 அல்லது அதனினும் குறைவாகவே விடப்பட்டிருந்தது. நெடுங்காலம் நம்பியிருந்தோரே குறைந்த காவலுடன் நின்றனர் என்பது வருந்தத்தக்கது.

செய்தி அறிந்தோர் பலர் தலைமைச் சொல்லை உடனே மாற்றினர். களவுபோன பிரதியோ பழைய சொல்லாலேயே பூட்டப்பட்டிருந்தது. புதிய சொல் அதனை எவ்விதத்திலும் காக்கவில்லை. வங்கி, மின்னஞ்சல், அலுவலகம் என உள்ளேயிருந்த ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் தனித்தனியே மாற்ற வேண்டியதாயிற்று.