காரை உரித்த சுவர்கள்: கோவா போம் ஜேசு பேராலயம்

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே மறைப்பணியாற்றிய புனித சவேரியாரின் உடல் காக்கப்பெறும் பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயம் 1594-இல் தொடங்கப்பெற்று 1605-இல் திருநிலைப்படுத்தப்பெற்றது. இன்று காண்போர் அதன் செந்நிறப் புறச்சுவர்களைப் பழமையின் அடையாளமாகக் கொள்வர். அது பிழையாகும். அச்சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் மூடப்பட்டிருந்தன. 1950களில் போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர் பல்தசார் காஸ்த்ரோ பழந்தோற்றம் வேண்டி அதனை அகற்றுவித்தார். செம்புரைக்கல் (வெட்டுக்கல்) நுண்துளை மிக்கது. உட்புகும் பருவமழை நீர் அதன் களிக்கூற்றை அரிக்கவே, கல் பொடிந்து உதிர்கிறது. காரையோ, தான் தேய்ந்து கல்லைக் காக்கும்; தேய்ந்தவிடத்து மீண்டும் பூசலாம். சிமெண்டு இதற்கு உதவாது. ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தும். ஆயினும், மூன்று தலைமுறையினர் கண்டு பழகிய செந்நிறத்தை மறைத்தல் தகுமோ என்னும் தயக்கத்தால், மறுபூச்சுக் கோரிக்கை நெடுங்காலம் விவாதத்திற்குரியதாகவே இருந்து வந்துள்ளது.