தலைக் கணக்கும் நிமிடக் கணக்கும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் தொழில் வரலாற்றைச் சொல்பவர்கள் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதையும், 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் மூடப்பட்டதையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்ததையும் சொல்வார்கள். அந்த ஆலைகளின் முதலுதவி அறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது; அதை யாரும் எழுதுவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்கு மேல் இருந்தால் ஓர் ஆம்புலன்ஸ் அறை என்று விதித்தது. அன்று ஆலை ஆபத்து என்றால் விரல் நசுங்குவதும் கை வெட்டுப்படுவதும்தான். அந்தக் காலத்துக்கு இது நல்ல சட்டம். 2020-இல் வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஆம்புலன்ஸ் அறைக்கு அதே 500-ஐத்தான் வைத்திருக்கிறது. இடைப்பட்ட 72 ஆண்டுகளில் மாரடைப்பு பற்றிய அறிவு தலைகீழாக மாறிவிட்டது. சட்டம் இன்னும் ஆட்களைத்தான் எண்ணுகிறது. எண்ண வேண்டியது நிமிடங்களை.

மாரடைப்பில் சாகும் தசையின் அளவு முன்பே தீர்மானிக்கப்பட்டதல்ல, குறைக்கக்கூடியது என்று 1971-இல் மரோக்கோ, யூஜின் பிரான்வால்ட் ஆகிய ஆய்வாளர்கள் நாய்களில் காட்டினார்கள். 1977-இல் ரைமரும் ஜென்னிங்ஸும் அதற்கு ஒரு கால அட்டவணையே போட்டுவிட்டார்கள்: ரத்தம் 40 நிமிடம் தடைபட்டால் ஆபத்துக்குள்ளான தசையில் சுமார் 38 சதவீதம் சாகிறது, 3 மணி நேரத்தில் 57, 6 மணி நேரத்தில் 71. சாவு உள்சுவரில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது. 1988-இல் வெளியான ஐஸிஸ்-2 ஆய்வு, 17,187 நோயாளிகளிடம் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் ஆஸ்பிரினும் உயிர் காப்பதை உறுதிசெய்தது. இவற்றைத் தாண்டித் தசையையே கவசம் போட்டுக் காக்கும் மருந்து வேண்டுமென்று தேடியவர்களும் உண்டு. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 2015-இல் தோற்றது. கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கித் தளர்த்தும் முறை நாய்ச் சோதனைகளில் பிறந்த நம்பிக்கையின் வாரிசு. 2019-இல் 5,401 நோயாளிகளிடம் அதுவும் தோற்றது. இந்தத் தேடல் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்றுவரை ஜெயித்தது அடைப்பைச் சீக்கிரம் திறப்பது ஒன்றுதான்.

ஆலையில் இருப்பவர்கள் இளைஞர்கள், அவர்களுக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். 2008-இல் வெளியான கிரியேட் ஆய்வில், 20,468 இந்திய இதய நோயாளிகளின் சராசரி வயது 57.5. ஓய்வு பெறும் வயதை ஒட்டிய எண் இது. சராசரிக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். லாரி ஓட்டுநரும் காவலாளியும் கேன்டீன் ஊழியரும் இதே வளாகங்களில்தான் வேலை செய்கிறார்கள். பக்கத்தில் சென்னை இருக்கிறதே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அதே ஆய்வில் பாதி நோயாளிகள் மருத்துவமனை வந்துசேர 6 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்தபின் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஆன நேரம் நடுக்கணக்கில் 50 நிமிடம். நேரம் பறிபோனது மருத்துவமனை வாசலுக்கு வெளியே. தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது இங்கே உதவாது. நெஞ்சு வலியை வாயுத்தொல்லை என்று ஷிப்ட் முடியும்வரை பொறுத்துக்கொள்பவருக்குச் சென்னை மிகத் தொலைவு.

தமிழ்நாட்டிலேயே இந்தத் தாமதத்துக்கு விடை கண்டிருக்கிறோம். தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசாரி ஆகிய மருத்துவர்கள் முன்னின்ற திட்டம் 2012 முதல் 2014 வரை சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடும் 108 ஆம்புலன்ஸோடும் இணைத்தது: ஊசியை அருகிலேயே போடு, பின்னர் ஆஞ்சியோவுக்கு அனுப்பு. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். மருத்துவமனையில் நடந்த இறப்பு அநேகமாக மாறவில்லை. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் முழு முடிவாகவும் கொள்ள முடியாது. ஆனாலும் எந்தக் கவச மருந்தும் இந்த அளவுக்கு எதையும் காட்டவில்லை. 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே கொண்டுவந்தது. ஆலையின் ஆம்புலன்ஸ் அறையில் ஓர் ஈசிஜி கருவியும், அதை எடுக்கத் தெரிந்தவரும், படத்தை உடனே பார்த்துச் சொல்லும் மருத்துவமனையும் இருக்க வேண்டும் என்று எழுதுவது பெரிய சட்டத் திருத்தமல்ல. அந்த அறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மாநில அரசின் விதிகளே சொல்லிவந்திருக்கின்றன.