கோடை வெயிலும் அமெரிக்க வீட்டுப் புல்தரையும்

வீட்டைச் சுற்றிப் புல்லை அடர்த்தியாக வளர்த்து, குட்டையாக வெட்டிப் பேணும் நிலமே வீட்டுப் புல்தரை எனப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது அலங்காரமாகத் தொடங்கி, ஊர் வழக்கமாகி, பல குடியிருப்புகளில் எழுதப்பட்ட விதியாகவும் ஆனது. கோடையில் அதைப் பச்சையாக வைத்திருக்கச் செலவான தண்ணீர், பிற்காலத்தில் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பெரும் சிக்கலாக உருவெடுத்தது.

தோற்றம்

புல்தரை இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம். மிதமான கோடையும் அடிக்கடி பெய்யும் தூறலும் கொண்ட அந்நாட்டில் புல்லைக் காப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை, வெட்டுவதுதான் வேலை. நீண்ட பிடி அரிவாளால் ஆட்களும், மேய்ந்து ஆடுகளும் அதைச் செய்தனர். 1830-இல் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நெசவாலையில் கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள பிசிறுகளைச் சீவிய இயந்திரமே அவருக்கு அந்த யோசனையைத் தந்தது. செல்வர் மாளிகைக்கு மட்டும் உரியதாயிருந்த புல்தரை, இத்தகைய இயந்திரங்கள் மலிவானதும் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது.

அமெரிக்காவில் பிராங்க் ஸ்காட் 1870-இல் வெளியிட்ட புறநகர் வீட்டுத் தோட்ட நூலில், மழித்தது போன்ற புல்தரையே வீட்டு நிலத்தின் முதல் அழகு என்று வலியுறுத்தினார். உயர்ந்த வேலியால் முற்றத்தை மறைப்பது அயலாருக்குச் செய்யும் தீங்கு என்பதும் அவர் கருத்து. முற்றம் தெருவுக்குத் திறந்ததும், புல் காய்ந்தால் ஊரே பார்க்கும் நிலை வந்தது. 1947-இல் நியூயார்க் அருகே கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில், புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும் என்பது வீடு வாங்குவோருக்கு நிபந்தனையாகவே விதிக்கப்பட்டது.

புல்லின் இயல்பு

இங்கிலாந்தின் வானிலை மட்டும் புல்லோடு கப்பலேறி வரவில்லை. வடமாநிலங்களில் பரவலாக விதைக்கப்படும் கென்டக்கி நீலப்புல், பெயரில் கென்டக்கி இருந்தாலும், ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்ததே. குளிர்பருவப் புல்லான இது ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியசில் செழிக்கும். வெப்பம் 30 பாகையைத் தாண்டி மழையும் நின்றால் இலைகள் பழுப்பாகி உறங்கிவிடும். இது சாவு அன்று. வேருக்கு மேலுள்ள குருத்து பல வாரம் உயிரோடிருந்து, மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும். இதை அறியாமல் பழுப்பைக் கண்டு அஞ்சி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளிப்பதே பலர் செய்யும் பிழை. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கி, அடுத்த வெயிலில் எளிதில் வாடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதிகாலையில், ஆழமாக நீர் பாய்ச்சுவதும், புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் விடுவதும், ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பதும் கோடைக்கு ஏற்ற முறைகள். உயரமான இலை மண்ணுக்கு நிழல் தரும்.

வெப்பமான தென்மாநிலங்களில் நிலைத்தது பெர்முடா புல். அது வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்தான்! நமது வாய்க்கால் வரப்பில் தானாகப் படரும் புல்லை அங்கே விலை கொடுத்து வாங்கி நடுகிறார்கள். இதிலிருந்து ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்வே என்ற கலப்பினம் 1960-இல் வெளிவந்தது. எனினும் அருகம்புல் குளிரில் பழுப்பாகிவிடும் என்பதால் வடக்கே அது வரவேற்புப் பெறவில்லை.

இன்னொரு மாற்றமும் கோடையைக் கடினமாக்கியது. முன்பு புல் விதையோடு வெள்ளைக் குளோவர் விதையும் கலந்து விற்கப்பட்டது. பயறு இனத்தைச் சேர்ந்த இச்செடி காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்க்கும். வறட்சியிலும் ஓரளவு பச்சையாக நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விற்பனைக்கு வந்த 2,4-டி என்ற களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லை விட்டுவைத்தது. குளோவரும் அழிந்தது, பின்னர் அதுவே களை என்று பெயர் பெற்றது. அது இலவசமாகத் தந்த உரத்தை மக்கள் மூட்டையில் வாங்க வேண்டியதாயிற்று.

லாஸ் வேகஸ்

நாசா ஆய்வாளர் கிறிஸ்டினா மிலேசியும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பூங்கா, கோல்ஃப் திடல் உட்பட அமெரிக்கப் புல்தரைகளின் பரப்பு ஏறத்தாழ 1,63,800 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம்.

ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழையே பெறும் லாஸ் வேகஸ் பாலைவன நகரம், தன் நீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கொலராடோ ஆற்றிலிருந்து, மீட் ஏரி வழியாகப் பெறுகிறது. அங்கே வீட்டுக்குள் பயன்படும் நீர் சுத்திகரிக்கப்பட்டு ஏரிக்கே திரும்புகிறது. எனவே குளிப்பதும் துணி துவைப்பதும் பெரிய இழப்பு அல்ல. புல்லுக்கு விட்ட நீர்தான் ஆவியாகித் திரும்பாமல் போகிறது. ஒரு சதுர அடிப் புல் ஆண்டுக்கு 276 லிட்டர் கேட்க, பாலைச் செடித் தோட்டத்துக்குச் சுமார் 65 லிட்டர் போதும் என்று அங்கே நடந்த ஆய்வு காட்டியது. புல்லை அகற்றுவோருக்குத் தெற்கு நெவாடா நீர் ஆணையம் 1999 முதல் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுத்து வருகிறது. 2003 முதல் புதிய வீடுகளின் முன்முற்றத்தில் புல்தரை அமைக்கத் தடை வந்தது.

2021 ஆகஸ்டில் கொலராடோ ஆற்றுக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நெவாடா மாநிலம் இயற்றிய சட்டம், யாரும் கால் வைக்காத, பார்வைக்கு மட்டுமான புல்தரைகளுக்கு 2027 தொடக்கம் முதல் கொலராடோ நீர் பாய்ச்சக் கூடாது என்கிறது. சாலை நடுத்திட்டுகள், அலுவலக வளாகங்கள் போன்றவை இதில் அடங்கும். தனி வீடுகளின் புல்தரைக்கு மட்டும் இச்சட்டம் விலக்கு அளித்துள்ளது.