பழகிப்போச்சு என்ற சொல்

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி இரவு, பம்பலப்பிட்டி பொலிஸ் நிலையத்துக்கு எதிரே வைத்து ஊடகவியலாளர் 'தராக்கி' சிவராம் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் அவரது சடலம் மீட்கப்பட்டது. காலி வீதியில் அந்த இடத்தைக் கடந்துதான் நான் நாள்தோறும் வேலைக்குப் போய் வந்தேன். ஆயினும் செய்தி கைக்கு வந்தபோது எனக்குள் எழுந்த முதற் கேள்வி, தலைப்பை எத்தனை பத்திக்கு விரிப்பது என்பதுதான்.

2000 ஒக்டோபர் 19இல் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன் கொல்லப்பட்டபோது அழுதவன் நான். 2004 மே 31இல் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் கொல்லப்பட்ட அன்று சோறு இறங்கவில்லை. சிவராமின் செய்தியை முடித்த இரவிலோ வயிறாரச் சாப்பிட்டு உறங்கினேன். சக உதவி ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பழகிப்போச்சு அண்ணை" என்றார். அந்தப் பதிலை அனுபவ முதிர்ச்சி என்றே இருவரும் எண்ணிக்கொண்டோம்.

அது முதிர்ச்சியன்று. அதற்கொரு பெயர் 1974இலேயே வழங்கப்பட்டிருந்தது. நியூயோர்க்கில் இலவச சிகிச்சை நிலையமொன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹேர்பேர்ட் ஃபிரொய்டன்பேர்கர், தம்மிடமும் உடன் உழைத்த தொண்டர்களிடமும் கண்ட நிலையை 'பேர்ன் அவுட்' என்று எழுதினார். மிகுந்த ஈடுபாட்டோடு வந்தவர்களே முதலில் எரிந்து தீர்ந்தார்கள் என்பது அவர் கண்ட உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட வரையறை மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், தொழிலிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மீது கசப்புக் கொள்ளுதல், செயல்திறன் குன்றுதல். அந்நிறுவனம் இதனை நோயாகக் கொள்ளவில்லை. தொழில்சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது.

மூன்றும் என்னிடம் இருந்தன. உறங்கி எழுந்தும் களைப்பு. வாசகர் கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன. ஊர்ப்பெயரிலும் வயதிலும் பிழைகள் விட்டேன். "வீட்டிலயும் செய்தி வாசிக்கிற மாதிரித்தான் கதைக்கிறியள்" என்று மனைவி சொன்ன பிறகே விழித்தேன்.

எங்கள் தொழிலின் முன்னோர் களைப்பை வெட்கமாகக் கருதியவர்களல்லர். கொழும்பில் 1893இல் கேவ் அச்சகத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தமே இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை என வரையறுத்தது. ஓய்வு கேட்டுப் பெறவேண்டிய உரிமை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். போர்க்காலச் செய்தி மேசையில் இருந்த நாங்கள்தான் அதனை மறந்தோம்.

ஆசிரியரிடம் பேசி இரவு மேசையிலிருந்து ஞாயிறு இதழுக்கு மாறினேன். வாரத்தில் ஒருநாள் பத்திரிகையைத் தொடுவதில்லை. மாலையில் புகையிரதப் பாதையோரம் கடலைப் பார்த்தபடி நண்பர் இருவருடன் நடந்தேன். இறந்தவர்களைப் பற்றிப் பேசினோம். ஏழெட்டு மாதம் கழிந்து, ஒருநாள் நடேசனின் பழைய கட்டுரையொன்றை வாசிக்கையில் கண் கலங்கியது. அன்றுதான் பயம் தெளிந்தது.

ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நான் விட்டுவந்த கதிரையில் ஓர் இளைஞரை அமர்த்தினார்கள். அதே இரவுகள், அதே செய்திகள். சுழற்சி முறை வேண்டுமென்று அவருக்காக நான் வாய் திறக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அந்தத் தம்பி தொழிலையே விட்டுப் போனார். ஆய்வாளர்கள் மஸ்லாக்கும் லைட்டரும் 1997இல் வலியுறுத்தியது இதுதான்: பணிச்சோர்வின் வேர் தனிமனிதரின் பலவீனத்தில் அல்ல, வேலைத்தலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆளை மாற்றி மேசையை அப்படியே விட்டால், அடுத்தவர் எரிவார்.

இளம் ஊடகவியலாளர்கள் இன்று என்னிடம் வந்து "பழகிப்போச்சு ஐயா" என்று சொல்வதுண்டு. எப்போதிலிருந்து என்று கேட்கிறேன். பிறகு, அவர்களின் ஆசிரியரை அழைத்து இரவு மேசையில் எத்தனை பேர் மாறிமாறி இருக்கிறார்கள் என்றும் கேட்கிறேன்.