யோபுவின் கதை கேட்ட வேதசாட்சி

வேதசாட்சி தேவசகாயம் பிள்ளையின் சரித்திரத்தை நம் பங்கில் அறியாதவர் இல்லை. பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாடகமாக நடித்தபோது கண்விழித்துப் பார்த்திருக்கிறோம். எருக்கம்பூ மாலை சூட்டி எருமைமேல் ஏற்றிய காட்சி வந்தால் பெண்கள் பக்கம் விம்மல் கேட்கும். ஆனால் அந்தப் பாடுகளுக்கெல்லாம் முன்னே நடந்த ஓர் உரையாடலை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. இந்த ஜூபிலி மலரில் அதைப்பற்றியே எழுத விரும்புகிறோம்.

1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. அவருடைய தந்தையின் பெயர் வாசுதேவன் என்பது நம் ஊரார் கேட்டு மகிழ வேண்டிய செய்தி. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம், செல்வாக்கான குடும்பம். அப்படிப்பட்டவருக்கு அடிமேல் அடி விழுந்தது. கால்நடைகள் மடிந்தன, பயிர் நஷ்டமாயிற்று, சொத்து கரைந்தது. செய்ய வேண்டிய பூஜைகளையெல்லாம் செய்தும் ஏன் இப்படி என்று அவர் மனம் உடைந்தார்.

அவருடைய வாட்டத்தைக் கண்டு விசாரித்தவர் தெ லனாய் என்ற தளபதி. டச்சுக் கம்பெனிக்காகப் போரிட வந்து, 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்பு அதே மன்னருடைய படைக்குப் பயிற்சி கொடுத்த கத்தோலிக்கர் அவர். உதயகிரிக் கோட்டையில் இன்றும் அவருடைய கல்லறை இருக்கிறது. சொந்த நாடு திரும்பாமலே 1777இல் இறந்தவர். ஆகவே, துன்பத்தைப்பற்றிப் பேச அவருக்கு உரிமை இருந்தது. அவர் நண்பருக்குத் தர்க்கம் சொல்லவில்லை. வேதாகமத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னார்.

அக்காலத்தில் கத்தோலிக்கர் வீடுகளில் தமிழ் வேதாகமம் இல்லை. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிமார் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்திருந்தார்கள் என்பது மெய்தான். ஆனால் நம் முன்னோருக்குக் குருவானவரும் உபதேசியாரும் வாயால் சொன்னதே வேதம். நீலகண்டருக்கும் வேதம் காதுவழியாகத்தான் வந்தது. கேட்டவர் அத்துடன் விடவில்லை. வடக்கன்குளத்திற்குப் போய், சேசு சபைக் குருவான புத்தாரி சுவாமியிடம் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கி, தேவசகாயம் என்று பெயரிட்டார்கள்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோபு ஆகமத்தின் கடைசி அதிகாரத்தில் யோபுவுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கிறது. ஏழாயிரம் ஆடுகளை இழந்தவர் பதினாலாயிரம் ஆடுகள் பெறுகிறார். தேவசகாயத்திற்குக் கிடைத்தது என்ன? போன மாடும் வரவில்லை. போன நிலமும் வரவில்லை. இருந்த உத்தியோகமும் போயிற்று. 1749இல் கைது செய்தார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விலங்கு, சவுக்கடி, புண்ணிலே மிளகாய்ப்பொடி. கடைசியில் 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. யோபுவின் முடிவை எதிர்பார்த்து அவர் வேதத்தில் சேர்ந்திருந்தால், முதல் ஆண்டிலேயே விட்டு ஓடியிருப்பார். அவரைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கதையின் முடிவல்ல, நடுப்பகுதி என்பது எங்கள் எண்ணம்.

நாமோ அந்த நடுப்பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். மழை பொய்த்து, குளம் வற்றி, வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும்போது, யோபுவுக்குத் திரும்பிக் கிடைத்ததுபோல் உனக்கும் கிடைக்கும் என்று ஆறுதல் சொல்கிறோம். கிடைக்காமல் போனால் என்ன சொல்வோம்? இன்னொரு பேச்சும் நம் தெருக்களில் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே, எந்தப் பாவத்தின் பலனோ என்று முணுமுணுப்பது. எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்ற மூன்று நண்பர்களும் பல அதிகாரங்கள் முழுவதும் பேசியது இதே பேச்சுத்தான். முடிவில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது புலம்பிய யோபுவை அல்ல, இவர்களைத்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

கவனிக்க இப்போது வழி இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18ஆம் தேதி வெளியிட்ட இறைவெளிப்பாட்டுச் சாசனத்தில், விசுவாசிகள் எல்லாரும் வேதாகமத்தை அடிக்கடி வாசிக்கும்படி வற்புறுத்தியது. அதற்குப்பின் வந்த வாசக முறைப்படி, இரட்டைப்படை ஆண்டுகளில், பொதுக்காலத்தின் 26ஆம் வாரம், திங்கள் முதல் சனி வரை பூசையில் யோபு ஆகமம் வாசிக்கப்படுகிறது. திருநாள் எதுவும் குறுக்கிட்டால்தான் மாறும். திங்களன்று எல்லாவற்றையும் இழந்து தரையில் விழுந்து தொழும் யோபு, செவ்வாயன்று தான் பிறந்த நாளையே சபிக்கிறார். திருச்சபை அதை மறைக்கவில்லை. பீடத்தருகே நின்று உரக்க வாசிக்கச் செய்கிறது. வியாழனன்று, தம்மை மீட்பவர் உயிரோடிருக்கிறார் என்று அறிக்கையிடுகிறார். ஆடுகள் திரும்பி வருவது சனிக்கிழமைதான். ஞாயிறு பூசைக்கு மட்டும் வருகிறவர்கள் இந்த ஆறு நாளையும் சேர்த்துக் கேட்பதில்லை. அவர்களுக்காகவாவது வீட்டில் மாலை ஜெபமாலைக்குப்பின் ஓர் அதிகாரம் வாசிக்கலாம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு நம் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே வாசித்துவிடுவார்கள்.

பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி ரோமையில் தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தினார். சாதியைக் காட்டும் 'பிள்ளை' என்ற பட்டத்தை விட்டுவிட்டு, ஞானஸ்நானப் பெயரைமட்டும் சொல்லியே உயர்த்தினார். சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரோடும் பழகியவருக்கு அதுவே பொருத்தம். நாமும் இனி அப்படியே சொல்லிப் பழகுவது நல்லது.

இன்னொருவரை விட்டுவிட மனமில்லை. யோபுவின் மனைவி, கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துப்போகும்படி கணவனிடம் சொன்னவள். தேவசகாயத்தின் மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்று, கணவருடைய பாடுகளைக் கண்ணால் கண்டவள். அவர் இறந்தபின் சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளம் வந்து சேர்ந்தாள். நம் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பூலித்தேவரிடமிருந்து யூசுப்கான் பிடித்த 1761ஆம் ஆண்டிலும் அவள் அங்கே விதவையாக வாழ்ந்துகொண்டிருந்தாள். 1766இல் காலமானாள். கணவருடைய உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறது. அங்கே கூட்டம் ஓய்வதில்லை. ஞானப்பூ அம்மாளின் கல்லறை வடக்கன்குளத்தில் இருக்கிறது. கோட்டாறு யாத்திரை போகும் நம் பங்கு மக்கள், வழியில் வள்ளியூருக்குத் தெற்கே சற்று விலகி, அங்கேயும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகலாம்.