ஷேனின் மலையும் ஜெய்சங்கரின் குதிரையும்

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். இந்தப் பக்கம் தட்டையான காடு, மரவள்ளி, நிலக்கடலை. அந்தப் பக்கம் மலை. இந்த ஊர்க்காரர் ஒருவர் 'ஷேன்' படத்தை டிவிடியில் போட்டால் முதல் காட்சியே பழகிய இடம் போலத் தெரியும். சமவெளி, பின்னால் மலை, அங்கிருந்து இறங்கி வரும் ஒரு குதிரைக்காரன். மலை மேல் பனி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மலையின் உச்சியை வெட்டுவதா வேண்டாமா என்று 2013-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. அதற்கு அப்புறம் வருவோம்.

முதலில் படம். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கி 1953-ல் வெளியானது. ஷேனாக ஆலன் லாட். அவன் யார், எங்கிருந்து வருகிறான், ஷேன் என்பது பெயரா குடும்பப் பெயரா, எதுவும் கடைசி வரை தெரியாது. ஒரு விவசாயி வீட்டில் தண்ணீர் குடிக்க நிற்கிறான், அப்படியே தங்கிவிடுகிறான். இரண்டு ஆண்களும் சேர்ந்து ஒரு பெரிய மர அடிக்கட்டையைக் கோடாரியால் வெட்டி, தள்ளிப் பெயர்க்கும் காட்சி இருக்கிறது. காட்டைத் திருத்தி விதைத்தவர்களுக்கு அது சண்டைக் காட்சியை விடப் பெரியது. ஒரு வேரைப் பிடுங்க எத்தனை பொழுது ஆகும் என்று கொங்கு நாட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையில் இது நிலத்தகராறுப் படம். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் அது குடியானவனுக்குச் சொந்தம். அதுவரை மாடுகளை வேலியில்லாமல் மேய விட்ட பெரிய பண்ணையார்களுக்கு இது பிடிக்குமா? 1892 ஏப்ரலில் வயோமிங் மாநிலத்தின் ஜான்சன் கவுண்டியில், டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுமார் ஐம்பது பேர் கிளம்பிப் போனார்கள். நேட் சாம்பியன் என்பவரை அவர் இருந்த வீட்டை வளைத்துச் சுட்டுக் கொன்றார்கள். ஊர்மக்கள் திரண்டு சுற்றி வளைத்ததும் ராணுவம் வந்து காப்பாற்றியது யாரை? வந்த கும்பலைத்தான்! ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இந்தச் சண்டையின் நிழல்தான் 1949-ல் ஜாக் ஷேஃபர் எழுதிய நாவலிலும், அதிலிருந்து வந்த படத்திலும் விழுந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒகையோ மாநிலத்தில் பிறந்த ஷேஃபர் அதை எழுதும்போது மேற்குப் பக்கமே போனதில்லை.

ஸ்டீவன்ஸ் அப்படியில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் படம் பிடித்தவர். 1945-ல் டாஹௌ வதைமுகாம் திறக்கப்பட்டபோது கேமராவோடு அங்கே நின்றவர். திரும்பி வந்த பிறகு, துப்பாக்கியை விளையாட்டுச் சாமானாகக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. சேற்றுத் தெருவில் ஒரு குடியானவனை ஜாக் பேலன்ஸ் சுடுகிற காட்சியைப் பாருங்கள். சத்தம் பீரங்கி மாதிரி கேட்கும். சுடப்பட்டவரைக் கம்பி கட்டிப் பின்னால் இழுத்திருக்கிறார்கள். அதுவரை கௌபாய் படங்களில் செத்தவர்கள் அழகாகச் சரிந்து விழுவார்கள். இவர் தூக்கி எறியப்பட்ட மூட்டை மாதிரி சேற்றில் விழுகிறார்.

இப்போது அந்த மலைக்கு வருவோம். படப்பிடிப்பு நடந்தது 1951-ல். அப்போது திரை கிட்டத்தட்ட சதுரம், 1.37:1 அளவு. ஸ்டீவன்ஸ் தூரத்து லென்ஸ்களைப் போட்டு டீட்டன் மலையை ஆட்களின் முதுகுக்கே இழுத்து வந்து நிறுத்தினார். ஆனால் படத்தொகுப்பு இழுத்துக்கொண்டே போக, படம் வெளியாவதற்குள் தொலைக்காட்சியை எதிர்க்க அகலத் திரை என்ற காய்ச்சல் ஹாலிவுட்டைப் பிடித்துவிட்டது. பாரமவுண்ட் நிறுவனம் படத்தின் மேலும் கீழும் மறைத்து 1.66:1 அளவில் காட்டியது. கணக்குப் போட்டால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போச்சு! ஒளிப்பதிவாளர் லாயல் கிரிக்ஸுக்கு ஆஸ்கார் கிடைத்தது. அவர் எடுத்த முழுச் சட்டகத்தை அன்று அகலத் திரையில் பார்த்தவர்கள் பார்க்கவில்லை.

அறுபது வருடம் கழித்து, 2013-ல் ப்ளூரே வட்டு தயாரானபோது அதே 1.66 அளவில்தான் வரும் என்று அறிவிப்பு வந்தது. வெளியீட்டில் அப்படித்தானே காட்டினார்கள் என்பது அவர்கள் வாதம். இயக்குநரின் மகன் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஜூனியரே காட்சி காட்சியாகப் பார்த்துச் சட்டகத்தைச் சரி செய்திருந்தார். விமர்சகர் ஜெஃப்ரி வெல்ஸ் விடவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். உட்டி ஆலன் கடிதம் எழுதினார். கடைசியில் வார்னர் நிறுவனம் இறங்கி வந்தது. அந்த ஆகஸ்டில் 1.37 அளவிலேயே வட்டு வெளியானது. மலைக்கு உச்சி திரும்பக் கிடைத்தது.

சரி, சேலத்துக்கு வருவோம். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அந்த ஸ்டூடியோவுக்கும் ஒரு ஷேன் வந்தார். எல்லிஸ் ஆர்.டங்கன், இவரும் ஒகையோக்காரர். 1935-ல் இந்தியா வந்து, தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கினார். மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யை (1950) முடிக்கும் முன்பே ஊர் திரும்பிவிட, மீதியைச் சுந்தரம் எடுத்தார். 1952-ல் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' எடுத்தார்கள், தமிழில் 'காடு'. அதில் நடித்த ராட் கேமரூன் அசல் கௌபாய் நடிகர். ஆனால் அவரை வைத்து எடுத்தது கௌபாய் படம் இல்லை. யானைக்கு ரோமம் போர்த்தி மாமூத் ஆக்கிய படம்!

தமிழ்க் குதிரை ஓடியது இருபது வருடம் கழித்து. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'காலம் வெல்லும்' (1970), 'ஜக்கம்மா', 'கங்கா' (இரண்டும் 1972), பிறகு 'எங்க பாட்டன் சொத்து' (1975). தலைப்புகளைக் கவனியுங்கள். ஷேனுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. நம்மூர் கௌபாய் படத்துக்கோ ஒன்று கம்பளத்து நாயக்கர்கள் கும்பிடும் தெய்வத்தின் பெயர், இன்னொன்றுக்குத் தலைப்பிலேயே பாட்டனும் சொத்தும். தொப்பியும் பெல்ட்டும் வந்தன. யாரென்றே தெரியாத அந்த ஆள் மட்டும் வரவில்லை. அது குறை இல்லை. யார் வீட்டுப் பையன் என்று கேட்காமல் எந்த ஊரில் ஒருவனுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள்?

ஜெய்சங்கர் மேல் ரசிகர்களுக்கு இருந்த பாசம் கொஞ்சமல்ல. 2010-ல் சிம்புதேவன் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' படத்தில் ஊர்ப் பெயரே ஜெய்சங்கர்புரம். ஆனால் படங்களின் கதி வேறு. தமிழில் சினிமாஸ்கோப் 1973-ல் 'ராஜராஜ சோழன்' படத்தோடுதான் வந்தது. அதற்கு முந்தைய 'கங்கா'வும் 'ஜக்கம்மா'வும் ஷேனைப் போலச் சதுரத்தை ஒட்டிய சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. 2007 வாக்கில் மோசர்பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியபோது பழைய தமிழ்ப் படங்கள் பெட்டிக்கடை வரை வந்தன. அந்த விலைக்கு யாரும் பிலிமைக் கழுவிச் செப்பனிட்டுத் தர முடியாது. அந்த நிறுவனத்தையும் 2018-ல் கலைக்க உத்தரவாகிவிட்டது.

பிறகு அகல டிவி வந்தது. பழைய சதுரப் படத்தை அதில் நிரப்ப இரண்டு வழி. மேலும் கீழும் வெட்டலாம், 1953-ல் ஷேனுக்குச் செய்தது போல. அல்லது பக்கவாட்டில் இழுக்கலாம். இங்கே இழுப்பதுதான் அதிகம். முகம் பூசணி, குதிரை குட்டை, கொல்லிமலையே வந்தாலும் கரடு மாதிரித் தெரியும். தெலுங்குக்காரர்கள் கிருஷ்ணா நடித்த 1971-ஆம் வருடத்து 'மோசகாள்ளகு மோசகாடு' கௌபாய் படத்தை 4கே தரத்தில் சரி செய்து 2023 மே 31 அன்று தியேட்டர்களில் மறுபடி ஓட்டினார்கள், அவர் பிறந்தநாளில். ஜெய்சங்கரின் பிறந்தநாள் ஜூலை 12.

அதுவரைக்கும் ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தான் இருக்கிறது. 4:3 என்று வைத்தால் இரண்டு ஓரமும் கறுப்பாகும், நடுவில் குதிரைக்குக் கால் நீளும்.