வேற்றுமுகம் அறியாத குழந்தை: காப்பகங்களின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையின் தறி வீடுகளில் குழந்தை ஒருவர் கையில் மட்டும் வளர்வதில்லை. தறிக்குப் பக்கத்திலேயே தூளி தொங்கும். அம்மா நூல் சுற்றினால் பாட்டி ஆட்டுவாள். பாட்டி கண் அசந்தால் அத்தை. அவளும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்கா. எட்டு ஒன்பது மாதத்தில் இந்தக் குழந்தை, புதிதாக யாராவது கை நீட்டினால் வீறிட்டு அழும். 'பிள்ளைக்கு வேத்துமுகம் வந்துடுச்சு' என்பார்கள், பல் முளைத்ததைச் சொல்வதுபோல. இந்தப் பேச்சுவழக்குக்குள் ஒரு கோட்பாடே இருக்கிறது. தன்னுடைய முகங்கள் எவை என்று தெரிந்த பிறகுதானே வேற்றுமுகம் என்று ஒன்று இருக்க முடியும்?

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் நமக்குப் பழக்கம்தான். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடக் காப்பகத்துக்குப் போய்வந்தவர்கள் உருகிச் சொல்வார்கள்: 'எவ்வளவு சமத்து! யார் தூக்கினாலும் சிரிச்சிக்கிட்டே வருது.' இந்தச் 'சமத்து' எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை டோனாவூரிலிருந்து தொடங்கலாம். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிச் சீமையில் 1901 முதல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளை, பிறகு கைக்குழந்தைகளையும், சேர்த்து வளர்த்தார். 'மீட்பு' என்ற மிஷனரிச் சொல்லாடலின் அதிகாரம், மதமாற்றம், குழந்தைகள் தம் சுற்றத்திலிருந்து துண்டிக்கப்பட்டது எல்லாமே விமர்சனத்துக்குரியவை. ஆனால் அங்கே கவனிக்கத்தக்க ஒன்று நடந்தது. நிறுவனம் தன்னை உறவுச் சொற்களால் கட்டிக்கொண்டது. கார்மைக்கேல் 'அம்மா'. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தமிழ்ப் பெண்கள் 'அக்காள்'. வெள்ளைக்காரப் பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி'. நெய்யூரில் கைக்குழந்தைகளைக் கவனித்துவந்த பொன்னம்மாளைப் பற்றிக் கார்மைக்கேல் தனி நூலே எழுதியிருக்கிறார். இந்த அக்காள்களில் பலர் மணமின்றி, சம்பளமின்றி ஆயுள் முழுக்க அங்கேயே இருந்தார்கள். அதாவது 'அக்காள்' என்ற சொல்லுக்குப் பின்னால் மாறாத ஒரு முகம் இருந்தது. அந்த மாறாமைக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது பெண்களின் சொந்த வாழ்க்கை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேற்கில் இது ஆய்வுப் பொருளானது பின்னால்தான். ரெனே ஸ்பிட்ஸ் 1945இல் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று அநாதைக் குழந்தைகள் இல்லம்: சுத்தம், நல்ல உணவு, மருத்துவம் எல்லாம் உண்டு, ஆனால் ஏறக்குறைய எட்டுக் குழந்தைக்கு ஒரு தாதி. கட்டில் கம்பிகள் மீது துணி விரித்திருந்ததால் குழந்தைக்குத் தெரிந்தது விட்டம் மட்டும். மற்றது பெண்கள் சிறை; அங்கே கைதித் தாய்மாரே தம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சிறைக் குழந்தைகள் தேறினார்கள். இல்லத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு வயதுக்குள் செத்துப்போனார்கள். சுத்தமான இல்லத்தைவிடச் சிறை மேலாக இருந்தது.

கார்மைக்கேல் மறைந்த 1951ஆம் ஆண்டிலேயே ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை வெளிவந்தது. குழந்தையின் மனநலத்துக்குத் தாயின், அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரின், இடைவிடாத அன்பு அவசியம் என்றது அது. இதைப் 'பெண்ணே, வீட்டில் கிட' என்று வாசித்தவர்கள் உண்டு. பெண்ணியவாதிகள் அதை எதிர்த்தது நியாயமே. ஐயம்பேட்டைத் தூளியும் அந்த வாசிப்புக்கு எதிரான சாட்சிதான். அங்கே கைகள் பல. ஆனால் எல்லாம் தெரிந்த கைகள், நாளையும் வரும் கைகள். சிக்கல் பல கைகளால் வருவதல்ல, வந்து வந்து போய்விடும் கைகளால் வருவது. (தறி வீட்டை நான் புனிதப்படுத்தவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு சற்று வளர்ந்த பிள்ளையைத் தறிக்கு அனுப்பிய வரலாறும் காஞ்சிபுரத்துக்கு உண்டு.)

பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொடங்கியது தொட்டில் குழந்தைத் திட்டம். வேண்டாம் என்று நினைக்கும் பெண்குழந்தையை அரசுத் தொட்டிலில் போட்டுவிடலாம். பெண்குழந்தையைக் கைவிடுவதை இது இயல்பாக்குகிறது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. உயிர் தப்பியது என்பதும் உண்மை. ஆனால் நம் விவாதம் உயிரோடு நின்றுவிட்டது. தொட்டிலிலிருந்து தூக்கிய கை எது, மறுநாள் அது எங்கே போனது என்று கேட்கவில்லை. வீட்டுத் தூளியை ஆட்ட ஆள் இருந்தது. அரசுத் தொட்டிலை ஆட்ட ஷிப்ட் இருந்தது.

இந்த வேறுபாட்டின் கனம் ருமேனியாவில் அளக்கப்பட்டது. 1966இல் சௌசெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. 1989இல் அது வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பகங்களில் கிடந்தார்கள். 2000ஐ ஒட்டி புக்கரெஸ்ட்டில் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா ஆகியோர் 136 காப்பகக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். (மற்ற பாதிக்கு என்ன நியாயம் என்ற கேள்வி இன்னும் எரிகிறது.) குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் உயர்ந்தது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு ஒட்டுதல் கூடுதலாகவே வாய்த்தது. ஆனால் யாரிடமும் தயங்காமல் போகும் அந்தப் பழக்கம் மட்டும் எளிதில் விடவில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதைத் தனிக் கோளாறாகவே பிரித்துவைத்தது. நாம் 'சமத்து' என்று கொண்டாடும் சிரிப்பு பல சமயம் இதுதான்.

இன்னொன்று. புக்கரெஸ்ட்டின் வளர்ப்புத் தாய்மார் தியாகிகள் அல்லர், சம்பளம் வாங்கியவர்கள். 'காசுக்குச் செய்தால் பாசம் வராது' என்ற நம் பழைய வாதம் இங்கே உடைகிறது. கூலியும் ஒட்டுதலும் பகையல்ல. கூலிக்காரியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பகை.

காப்பகம் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். வளர்ப்புக் குடும்பத்துக்கும் அதில் இடமுண்டு. நல்லது. ஆனால் இன்று இரவு ஏதோவொரு காப்பகத்தில் ஒரு ஆயா ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருப்பாள். அவளைக் கண்டு அது மற்றவர்களிடம் போக மறுத்து அழத் தொடங்கியிருக்கலாம். அதன் எடையைக் குறிப்பதற்குப் பதிவேட்டில் கட்டம் உண்டு. அவள் பெயரைக் குறிக்க வேண்டிய கட்டத்தை யார் போடுவது? அடுத்த மாதம் அவளை வேறு பிரிவுக்கு மாற்றும் அதிகாரிக்கு, தான் எதை அறுக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

அந்த அழுகை ஒழுங்கீனமல்ல. வேத்துமுகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.